பழைய ஓட்டம்

தெருப் பந்தய விளையாட்டின் இரண்டாம் பாகத்துக்கு, வெளியான அன்றே சாவுமணி அடித்துவிட்டார்கள். அடித்தவர்களில் பாதிப் பேர் முதல் பந்தயத்தைக்கூட முடித்திருக்கவில்லை. வாய் இருக்கிறது, இணையம் இருக்கிறது, வேறென்ன வேண்டும்?

"ஸ்டியரிங் செத்துப்போச்சு மக்களே! முதல் பாகத்தோட ஓட்டம் எங்க, இது எங்க!" என்று வீடியோவில் மூக்கைச் சிந்தியவர் 'கியர் தாத்தா'. வயது இருபத்திநான்கு. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது என்பதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

விளையாட்டை உருவாக்கிய அலுவலகத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள்தான் அந்த ஓட்டத்துக்கு நிரல் எழுதியவள். மழையில் டயர் வழுக்குவதும், வளைவில் வண்டியின் கனம் ஒரு பக்கம் சாய்வதும் அவள் கைவேலை. முதல் பாகத்துக்கு எழுதியவர் அவளுடைய அண்ணன். அந்தக் கார்கள் தண்டவாளத்தில் போவதுபோலப் போகும். அதைத்தான் உலகம் தூக்கி வைத்துக் கொண்டாடியது. இந்த முறை தன் வேலை பேசப்பட வேண்டும், அண்ணன் வாயால் ஒரு 'பரவாயில்லையே' கேட்டுவிட வேண்டும் என்று உயிரைக் கொடுத்திருந்தாள்.

கியர் தாத்தா அதோடு விடவில்லை. "ஆனா கவலப்படாதீங்க. மெனுவுல 'பழைய ஓட்டம்'னு ஒண்ணு இருக்கு. அத அழுத்திப் பாருங்க. ஆஹா! இது காரு!"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். வெளியீட்டுக்கு முன் முதலாளி பயந்துபோய்ப் பழையதையும் சேர்க்கச் சொன்னபோது, அண்ணன் எழுதியது புதிய கார்களோடு ஒட்டவே இல்லை. அதனால் அந்தப் பொத்தானுக்கு அவள் கொடுத்த வேலை, எஞ்சின் சத்தத்தைக் கூட்டி, திரையைக் கொஞ்சம் குலுக்குவது மட்டும்தான். ஓட்டம் அவளுடையதேதான்; முதலாளியிடம் அதை அவள் சொல்லவில்லை. ஊரே அதை அழுத்திவிட்டு உருகிக்கொண்டிருந்தது.

மறுவாரம் முதலாளி, முதல் பாகத்தோடு விலகிப் போயிருந்த அண்ணனைக் கையோடு அழைத்துவந்து அவளுக்கு மேலே உட்காரவைத்தார். அண்ணன் கண்ட்ரோலரை வாங்கி, 'பழைய ஓட்ட'த்தில் ஒரு சுற்று போனார். மழை வளைவில் கார் சாய்ந்து நிமிர்ந்தது. அவள் அண்ணன் முகத்தையே பார்த்தாள். அண்ணனுக்காவது தெரியாமலா போகும்?

"பாத்தியா? நம்ம கை பட்டாலே தனிதான்," என்றார் அண்ணன்.

அவள் போட்டு உடைத்தாள். "ரெண்டும் ஒண்ணுதாண்ணா. இதுவும் நான் எழுதினதுதான். உன்னோடது இதுல ஒரு வரிகூட இல்ல."

முதலாளி சிரித்தார். அண்ணன் அதைவிட மோசம், இரக்கப்பட்டார். "தோத்தா ஒத்துக்கணும்மா. வயிறு எரியக் கூடாது. உன்னோடத மொத்தமா தூக்கிடு."

"தூக்கினா வண்டி நகராது. சக்கரம் சுத்தறதே அதுலதான் இருக்கு."

"சொன்னதச் செய்ம்மா," என்றார் முதலாளி. "ஒண்ண எடுக்கறதுக்கு டெஸ்டிங் வேறயா? இன்னிக்கே அனுப்பு."

தன் கையாலேயே அழிக்கும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த மூஞ்சிகளுக்கு முன்னால் அழுவதா என்று விழுங்கிக்கொண்டாள்.

மாலைக்குள் அப்டேட் எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. கார்கள் புறப்படும் கோட்டிலேயே நின்று உறுமின, திரை குலுங்கியது, ஒன்றும் அசையவில்லை. "என்னா பவரு மக்களே!" என்று கியர் தாத்தா சற்று நேரம் அதையும் பாராட்டினார்.

அண்ணன் கண்ட்ரோலரோடு அவள் மேசைக்கு ஓடி வந்தார். "என்னடி பண்ணித் தொலைச்ச? வண்டி நகர மாட்டேங்குது!"

"இப்ப இருக்கறது முழுக்க உன்னோடதுதாண்ணா," என்றாள் அவள். "ஓட்டு."