‘உரை’ விடுபட்ட போஸ்டர்

‘உரை’ என்ற சொல்லைத் தீனதயாளன் தன் வாயாலேயே எடுக்கச் சொன்னான். வேறு யார் மேலும் பழி போட முடியாது. போட முடிந்திருந்தால் முதல் ஆளாகப் போட்டிருப்பான்; அவன் சுபாவம் அப்படி.

1998ஆம் வருஷம். செங்கல்பட்டில் ஒரு டுடோரியலில், பத்தாம் வகுப்பில் கோட்டை விட்டவர்களுக்குத் தமிழ் நடத்திக்கொண்டிருந்தான். மீதி நேரத்தில் ‘கட்டுடைப்பு வாசகர் வட்டம்’ நடத்தினான். உறுப்பினர்கள் பதினொரு பேர், கூட்டத்துக்கு வருகிறவர்கள் நான்கு பேர், அதில் ஒருவர் போண்டாவுக்காக வருகிறவர். வட்டத்தின் தலையாய கொள்கை இதுதான்: எழுதப்பட்டது எதுவானாலும் அது ‘பிரதி’; அதை எழுதி முடித்த கணமே எழுதியவன் செத்துப்போகிறான். தான் எழுதியதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல அவனுக்கு உரிமை கிடையாது. படிக்கிறவன் எப்படிப் படிக்கிறானோ அதுவே அர்த்தம். உள்ளூர்க் கவிஞர் ஒருவர் எழுந்து, “நான் அப்படி நெனச்சு எழுதலீங்களே” என்று பரிதாபமாகச் சொன்னபோது, “உங்கள யாரு சார் கேட்டா?” என்று தீனதயாளன் கேட்டு நான்கு பேரின் கைதட்டலையும் வாங்கியிருந்தான்.

இந்தக் கொள்கையை விளக்க மாமல்லபுரத்தில் ஒரு கூட்டம் ஏற்பாடானது. பேச்சாளர் புலவர் திருவேங்கடம். தீனதயாளனுக்குப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு யாப்பிலக்கணத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு மாணவனிடமிருந்தே கட்டுடைப்பைத் தொற்றவைத்துக்கொண்டவர். தலைப்பு: ‘ஆசிரியர் இறந்துவிட்டார்’.

போஸ்டர் அடிக்க ஏசுபாதத்தின் அச்சகத்துக்குப் போனான். அங்கே முக்கால்வாசி வேலை கண்ணீர் அஞ்சலிதான்.

“இன்னா நைனா, சாவு நோட்டீஸா?” என்றார் ஏசுபாதம், எழுதியிருந்ததைப் பார்த்து.

“இல்லண்ணாத்த, இலக்கியக் கூட்டம்.”

“எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். கறுப்பு பார்டர் ரெடியா கீது, போட்டுடவா?”

தீனதயாளனுக்குச் சிரிப்பு வந்தது. “போடு. கொஞ்சம் கிண்டலா இருக்கட்டும்.”

புரூஃப் வந்தது. ‘உரை: புலவர் திருவேங்கடம்’ என்ற வரி ஒரு பக்கமாகத் தள்ளி நின்றது.

“அந்த ‘உரை’ய எடுத்துடு. பேரு நடுவுல வரட்டும்.”

“எடுத்தா அர்த்தம் மாறிடாது?”

“அர்த்தத்த படிக்கிறவங்க பாத்துப்பாங்க.”

கையிலிருந்த ஒரே புகைப்படம் புலவரின் பணி ஓய்வு விழாவில் எடுத்தது. கழுத்தில் கனத்த ரோஜா மாலை. ஆக, வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், அணுபுரம் என்று முப்பது சுவர்களில் தன் கையாலேயே மைதாப் பசை தடவி அவன் ஒட்டிய போஸ்டர் இப்படி இருந்தது. கறுப்புக் கட்டம். மாலை போட்ட படம். மேலே, ‘ஆசிரியர் இறந்துவிட்டார்’. கீழே, ‘புலவர் திருவேங்கடம்’. அதற்கும் கீழே, ‘ஞாயிறு காலை 10 மணி, மாமல்லபுரம் கடற்கரை’. அந்தப் பக்கத்துக்காரர்கள் சாம்பல் கரைக்கப் போவதும் அதே கடற்கரைதான்.

சனிக்கிழமை காலை பதினொன்றுக்கு ஏசுபாதம் டிவிஎஸ் 50-ஐ டுடோரியல் வாசலில் சாத்தக்கூட நிற்காமல் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

“தீனா, சாரோட பொண்ணு திவ்யா! திருக்கழுக்குன்றம் ஸ்டாண்டுல பஸ்ல இருந்து போஸ்டர பாத்துட்டு, ஓடுற வண்டில இருந்து குதிச்சிட்ச்சாம். ஆட்டோல போட்டு இங்க ஆஸ்பத்திரிக்கு கொண்டாந்துகீறாங்க.”

“அடி பலமா?”

“ஏழு மாசம்டா அதுக்கு.”

தீனதயாளன் சாக்பீஸைக் கையில் பிடித்தபடியே வண்டியின் பின்னால் ஏறினான். வழி நெடுகச் சுவர்களில் புலவர் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார். நேற்று அந்தச் சிரிப்பு அழகாகப் பட்டது. ஒரு போஸ்டருக்கு யாரோ செவ்வந்திச் சரம் சாத்தியிருந்தார்கள். பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடினான். மூடினால் பஸ் படிக்கட்டு தெரிந்தது. திறந்தே வைத்துக்கொண்டான்.

பிரசவ வார்டு வராந்தாவில் ஒரே ஒருவர் நின்றிருந்தார். திவ்யாவின் புருஷன் காசிநாதன். அணுபுரம் குவார்ட்டர்ஸில் இருப்பவர். கல்யாணத்தில் பந்தி பரிமாறிய நூறு பேரில் ஒருவனான தீனதயாளனை அவருக்கு ஞாபகமில்லை. அவர் கையில் கிழித்த போஸ்டர் ஒன்று சுருட்டியிருந்தது.

“ஏன்யா, நீ உள்ளூரா? இத்த எவன் ஒட்டினான், தெரியுமா?”

தீனதயாளனின் விரல் இடுக்கில் பசை இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. கையைச் சட்டென்று பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டான். உள்ளே சாக்பீஸ் உடைந்தது. தெரியாது என்று சொல்லிவிட்டு ரயிலேறி, விழுப்புரம் தாண்டி எங்காவது ஒரு டுடோரியலில் சேர்ந்து, இலக்கியமே தெரியாதவனாகக் காலத்தை ஓட்டிவிடலாம். இவ்வளவையும் அரை நிமிஷத்தில் யோசித்தான். நல்ல திட்டம்தான். கால்தான் நகரவில்லை.

“நான்தாங்க,” என்றான்.

காசிநாதன் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. போஸ்டரைப் பிரித்து, அவன் முகத்துக்கு நேராகப் பிடித்து, “படி,” என்றார். “வாய் விட்டுப் படி.”

படித்தான். இரண்டாவது வரியோடு நின்றுவிட்டான். அது சாவு நோட்டீஸ்தான். வேறு எந்த விதமாகவும் அதைப் படிக்க முடியவில்லை.

“நான் அந்த அர்த்தத்துல போடலீங்க...”

காசிநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வந்தார். சட்டையில் வசந்தா என்று பெயர் குத்தியிருந்தது.

“சிஸ்டர், உயிரோட...” என்று ஆரம்பித்தான்.

“யார கேக்குறீங்க? தாயவா, புள்ளயவா?”

“ரெண்டையும்.”

“டாக்டர் வந்து சொல்லுவாங்க.”

“நீங்க பாத்தீங்கல்ல, நீங்க சொல்லுங்களேன்.”

“நான் சொல்லக் கூடாதுங்க. ரத்தம் கொஞ்சம் பட்டுச்சு. ஸ்கேனுக்கு எடுத்துனு போறாங்க.”

கொஞ்சம் என்றால் எவ்வளவு? ஒரு சொல்லுக்கு நிலையான அர்த்தம் கிடையாது, அது வழுக்கிக்கொண்டே போகும் என்று அவனே எத்தனை கூட்டங்களில் குஷியாகப் பேசியிருக்கிறான். இப்போது ‘கொஞ்சம்’ வழுக்கியது. ஒரு சொட்டு என்றது, ஒரு கிண்ணம் என்றது, ஒரு கட்டில் முழுக்க என்றது.

ஒரு மணிக்கு வராந்தாக் கோடியில் ஒரு பாட்டம் அலறல். யாரோ ஒரு அம்மாள் கையிலிருந்த தூக்குவாளியைக் கீழே போட்டார். புலவர் திருவேங்கடம் வந்துகொண்டிருந்தார். முந்தின நாளே மாமல்லபுரம் போய் அறை எடுத்து உரை தயாரித்துக்கொண்டிருந்தவர். காலையில், வழியில் போஸ்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்த டீக்கடைக்காரர் அவரைக் கண்டு பாய்லருக்குப் பின்னால் ஒளிந்தபோதுதான் தான் இறந்துவிட்ட விஷயமே தெரிந்திருக்கிறது. மகள் விஷயம் அதற்கப்புறம்.

தீனதயாளன் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தான். “சார், நான் அந்த அர்த்தத்துல...”

“பிரதி வெளிய போயிட்ச்சுப்பா,” என்றார் புலவர், அவனைப் பார்க்காமலே. “அதுக்கப்புறம் உனக்கும் அதுக்கும் ஒட்டு இல்ல.”

“சார், என்னாலதான் ஆச்சா, இல்லையா?”

“அப்படி ஒத்த அர்த்தத்துல கேக்கக் கூடாது தீனா. குறிப்பான்னு ஒண்ணு கீது, அது குறிக்கிறதுன்னு ஒண்ணு கீது, நடுவுல அந்த இடைவெளி...”

தன் ஆசானை ஓங்கி அறைய வேண்டும் என்று தீனதயாளனுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தோன்றியது. அப்போதுதான் அவர் சட்டையைப் பார்த்தான். பொத்தான்கள் ஒரு துளை தள்ளித் தள்ளிப் போட்டிருந்தன. வேட்டி நுனி தரையில் புரண்டது. அவர் உதடுகள் ‘இடைவெளி, இடைவெளி’ என்று சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டே இருந்தன. மனுஷர் கட்டுடைப்பு பேசவில்லை, நடுங்கிக்கொண்டிருந்தார். தீனதயாளன் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டான். அவர் குழந்தை மாதிரி காட்டிக்கொண்டிருந்தார். காசிநாதன் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து மாமனாரிடம் கொடுத்தார். மிச்சத்தை, யோசித்துவிட்டு, இவனிடமும் நீட்டினார்.

இரண்டரைக்கு டாக்டர் அம்மா வந்தார். “இப்போதைக்குப் பரவால்ல. இருபத்திநாலு மணி நேரம் போகட்டும்,” என்று காசிநாதனிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த ‘இப்போதைக்கு’ தீனதயாளனின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. பரவாயில்லை என்றால் யாருக்கு? போகட்டும் என்றால், போன பிறகு என்ன? அவர் பின்னாலேயே பத்தடி ஓடினான். டாக்டர் அடுத்த வார்டுக்குள் நுழைந்துவிட்டார்.

புருஷனும் அப்பாவும் உள்ளே போனார்கள். அழுகைச் சத்தம் கேட்டது. என்ன மாதிரி அழுகை என்று தெரியவில்லை. சுவரில் காதை வைத்தும் தெரியவில்லை. பிறகு காசிநாதன் தலையை நீட்டி, “யோவ், உன்னத்தான் கூப்பிடுது,” என்றார்.

உள்ளே திவ்யா இடது பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தாள். முழங்கையில் கட்டு, புறங்கையில் குளுக்கோஸ் ஊசி. நெற்றியில் தார் ரோட்டின் சிராய்ப்பு. இன்னொரு கையால் அப்பாவின் வேட்டியைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

தீனதயாளன் கட்டில் அருகே வந்ததும் மடை திறந்த மாதிரி பேசினான். பார்டர் ஒரு கிண்டலுக்காகப் போட்டது, படம் அது ஒன்றுதான் கிடைத்தது, ‘உரை’ கோணலாக நின்றது, அதனால் எடுத்தது, கடற்கரை என்றது அங்கே ஒரு லாட்ஜ் ஹாலை, முப்பது சுவரிலும் தன் கையாலேயே ஒட்டியது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“திவ்யா,” என்றான். “காலைலேர்ந்து கேட்டுகினு கீறேன், யாரும் சொல்ல மாட்டேன்றாங்க. என்னாலதானே?”

புலவர் தொண்டையைக் கனைத்தார். “அது இன்னான்னா, ஒரு பிரதிய நாம...”

“நீ சும்மா இருப்பா,” என்றாள் திவ்யா. பிறகு இவன் பக்கம் திரும்பினாள். குரலில் கோபமில்லை; களைப்பு இருந்தது.

“ஆமாண்ணா, உன்னாலதான். வேற யாரால? புள்ள உதைக்குது, இப்பகூட உதைக்குது, அதுக்குப் பயப்படாத. ஆனா நான் விழுந்தது உன்னாலதான். போ, பொழுது சாயறதுக்குள்ள அந்த முப்பதையும் நீயே கிழிச்சுட்டு வா.”