பேசு இல்லாத பாட்டு

புதுப் பாட்டுக்குக் கீழே நானூற்றுப் பன்னிரண்டு கமெண்ட். செங்கல்வராயன் அத்தனையையும் இரண்டு முறை படித்தாகிவிட்டது. ஒன்றிலாவது தன் பெயர் இருக்காதா என்று மேலிருந்து கீழே ஒரு முறை, கீழிருந்து மேலே ஒரு முறை. இல்லை. செங்கல்வராயன் என்று இல்லை, செங்கல் என்று இல்லை, பழைய பேஸ் கிட்டார்காரர் என்றுகூட எவனும் எழுதவில்லை.

அணுபுரம் குடியிருப்பில் அவன் வீட்டுக் கூடத்தில்தான் நாலு வருஷத்துக்கு முன்னால், பக்கத்துக் கால்வாயின் பெயரில் 'பக்கிங்காம் பசங்க' இசைக்குழு பிறந்தது. செங்கல்வராயன் அணுமின் நிலையத்தில் டியூட்டி முடிந்து வந்து, பாட்டுக்கு அடியில் கனமாக ஒலிக்கும் பேஸ் கிட்டாரை மாட்டிக்கொள்வான். பாடுகிற சுதாகர் திருவிடந்தையிலிருந்து பைக்கில் வந்துவிடுவான். முதல் பாட்டு 'ஆறே கால் பஸ்', அந்தக் கூடத்தில் மெத்தையைச் சுவரில் சாத்திவைத்து ஒரே ஒரு மைக்கில் பதிந்தது. பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது. ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். ஷிப்ட் வேலைக்காரனுக்கு அத்தனை லீவு யார் தருவார்கள்? "நான் வேணா வெலகிக்கிறேன்" என்று போன வருஷம் ஒரு பேச்சுக்குச் சொன்னான். கெஞ்சுவார்கள் என்று நினைத்தான். "சரி மச்சான்" என்றான் சுதாகர். அந்தச் 'சரி மச்சான்' பதினொரு மாதமாகத் தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது.

அவன் இடத்துக்குச் செங்கல்பட்டிலிருந்து ஷாரோன் என்று ஒரு பெண் வந்தாள். இருபத்து மூன்று வயது. கிட்டாரெல்லாம் இல்லை, கீபோர்டிலேயே பேஸ் வாசிப்பாளாம். பெண் வந்த பிறகு எப்படிப் 'பசங்க' என்று சொல்லிக்கொள்வது? பெயரை வெறும் 'பக்கிங்காம்' ஆக்கிவிட்டார்கள். வெட்டியது ஒரு சொல்லைத்தான். செங்கல்வராயனுக்கோ தன்னைத்தான் வெட்டி எறிந்தார்கள் என்று பட்டது.

இப்போது அவளை வைத்து 'ஆறே கால் பஸ்'ஸையே புதிதாகப் பதிந்து வெளியிட்டிருக்கிறார்கள். இரண்டாவது சரணம் தொடங்கியதுமே அவன் போனை அணைத்துவிட்டான். அதற்கு மேல் கேட்க மனசு வரவில்லை. ஆனால் கமெண்டுகளை மட்டும் விடாமல் படித்தான். கேட்டவர்கள் இரண்டு கட்சியாக நின்றார்கள். "இப்பதான் பாட்டு மாதிரி கீது" என்று ஒரு கட்சி. "மெருகு ஏத்துறேன்னு உசுர எடுத்துட்டீங்க" என்று இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சியைப் படிக்கப் படிக்க அவனுக்குத் தித்தித்தது. சரி, எது போய்விட்டது என்கிறார்கள் என்று ஆசையாகத் தேடினான்.

"பழைய பாட்டுல ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி ஒரு குக்கர் விசில் வருமே, அது எங்கப்பா?"

அதற்கு ஆயிரத்து நூறு லைக். அதன் கீழே, "விசில் இல்லாத பஸ்ல நான் ஏறமாட்டேன்" என்று ஒருவர். "அந்த விசிலுக்கு மட்டும் தனியா அவார்டு குடுக்கணும்" என்று இன்னொருவர்.

"ஏங்க, என் குக்கருக்கு எவ்ளோ லைக்கு பாருங்க! எங்கம்மா வாங்கிக் குடுத்ததாச்சே!" என்று பூரித்துப்போனாள் அவன் மனைவி ரத்னா. அடுப்பிலிருந்த அந்தக் குக்கரும் ஆமாம் போடுவதுபோல ஒரு விசில் விட்டது. மனுஷனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் மேல் பொறாமை வரலாம், பங்காளி மேல் வரலாம். மூன்று லிட்டர் குக்கர் மேல் வரலாமா? வந்துவிட்டது.

பொறுக்க முடியாமல்தான் 'கழுகு 77' என்று ஒரு போலி ஐ.டி. தொடங்கி எழுதினான்: "விசில வுடுங்க. பேசு போச்சு, பாட்டே போச்சு. அந்தப் பொண்ணுக்கு எங்க நிறுத்தணும்னே தெரில." ஒரு முறை இல்லை. குழுவின் ஒவ்வொரு பதிவாகத் தேடிப்போய் ஒன்பது இடத்தில் எழுதினான்.

பதில்கள் வந்தன. "யாரு இன்னா பேசணும் அண்ணாத்த?" "பேஸா? பழசுல பேஸ் இருந்துச்சா இன்னா?" அந்த இரண்டாவது பதிலைப் படித்த அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"செங்கல் அண்ணாவா? நான் ஷாரோன்."

கரண்டியும் கையுமாக வந்த ரத்னா ஸ்பீக்கரில் போடச் சொல்லி ஜாடை காட்டினாள்.

"நாளைக்கு மாமல்லபுரத்துல நம்ம ஷோ கீதுண்ணா. எல்லாரும் விசிலு விசிலுன்றாங்களேன்னு அத தனியா சேத்துப் பாத்தேன். ஒட்டவே மாட்டேங்குது. அப்பறம் பழைய பாட்டையே ஹெட்போன்ல கேட்டுகினு இருந்தேன். விசிலுக்கு முன்னாடி நாலு தட்டு நீங்க வாசிக்கல. கைய எடுத்துட்டீங்க. அந்த எடம் காலியா கீறதாலதான் விசிலு அப்டி வந்து வுழுது. விசிலு வரும்னு உங்களுக்கு எப்டிண்ணா தெரியும்?"

பதினொரு மாதமாக அவன் காத்துக்கிடந்த பேச்சு. நானூற்றுப் பன்னிரண்டு பேர் சொல்லாததை, யாரைக் கண்டால் வயிறு எரிந்ததோ அவள் சொல்கிறாள். 'அதெல்லாம் ஒரு கணக்கும்மா' என்று விட்டால் போதும், மேதை ஆகிவிடலாம். சொல்ல வாயைக்கூடத் திறந்தான். ரத்னா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று நடந்தது அவளுக்குத் தெரியும்.

"எனக்கு இன்னாம்மா தெரியும்?" என்றான். "குக்கரு உஸ்ஸுனு ஆரம்பிச்சுது. ரெக்கார்டிங் கெட்டுச்சேன்னு கோவத்துல கைய எடுத்துட்டு, அடுப்ப நிறுத்துடின்னு இவள மொறச்சேன். அதுக்குள்ள அடிச்சிடுச்சு. மறுபடி பாடலாம்னா சுதாகருக்குத் தொண்ட கட்டிக்கிச்சு."

ஷாரோன் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்போ நாளைக்கு நானும் யாரையாச்சும் மொறைக்கணும்."

அவனுக்கும் சிரிப்பு வந்தது.

"இன்னொண்ணுண்ணா. எனக்கு எங்க நிறுத்தணும்னு தெரிலன்னு கழுகு 77ன்னு ஒருத்தரு எழுதிகினே இருந்தாரு. அத படிச்சிட்டுதான் பழைய பாட்ட திரும்பக் கேட்டேன். கரெக்டா சொல்லிக்கீறாரு."

"அவன வுடும்மா. பொறாம புடிச்சவன்."

"சுதாகர் அண்ணாவும் அதான் சொன்னாரு. பேஸ 'பேசு'ன்னு எழுதறவன் ஒலகத்துலயே ஒருத்தன்தான், நம்ம வாட்ஸப் குரூப்புல மூணு வருசமா அப்டித்தான் எழுதனான், வுடுன்னாரு."

செங்கல்வராயனுக்குக் காது சுட்டது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஒன்பதையும் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். ரத்னா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பொறாமையாவே இருக்கட்டுமேண்ணா" என்றாள் ஷாரோன். "உங்க காது எனக்கில்லையேன்னு எனக்குந்தான் உங்க மேல பொறாம. நாளைக்கு நாலு மணிக்கு வாங்க. நான் நிறுத்துற எடம் சரியான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

வாசிக்க வாருங்கள் என்று அவள் சொல்லவில்லை. அது அவன் காதில் விழாமல் இல்லை. "வரேம்மா" என்றான்.

போனை வைத்தபின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு புதுப் பாட்டை முதல்முறையாகக் கடைசிவரை கேட்டான். நிறுத்த வேண்டிய இடத்தில் அவள் நிறுத்தவில்லைதான். ஆனால் அதற்கப்புறம், அவன் எப்போதும் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில், அவள் இறங்கி, ஏறி, பஸ்ஸைத் துரத்திப் பிடிப்பதுபோல ஓடினாள். அங்கே ஓட இடம் இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது. வயிறு முன்னைவிட எரிந்தது. இம்முறை காரணம் சரியாக இருந்தது.

கழுகை மூடிவிட்டுத் தன் சொந்தப் பெயரில் எழுதினான்: "ரெண்டாவது சரணத்துக்கு அப்பறம் ஷாரோன் பேசு என்னுதவிட நல்லா கீது."

தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த ரத்னா சொன்னாள். "ஏங்க, 'பேஸ்'னு போடுங்க. திரும்ப சிரிக்கப் போறாங்க."

"இருக்கட்டும். அப்பதான் நான்தான் எழுதனேன்னு நம்புவாங்க."