சுத்தமான ரிப்போர்ட்

தையற்கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் நுழைந்தவளுக்குப் பகீரென்றது. பட்டப்பகலில் ஜன்னலெல்லாம் அடைத்துக் கிடந்தது. வீட்டையே இரண்டாக்கும் வாண்டு, கட்டிலில் கைகாலை நீட்டி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது வயது மகளின் மார்பில் ஒயர்கள், இடுப்பில் சின்னப் பெட்டி. ஓடும்போது திடீரென்று நெஞ்சு தாறுமாறாக அடித்து முகம் வெளுத்துவிடுகிறாள் என்பதால், ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவு செய்ய டாக்டர் மாட்டிவிட்டது. "எப்பவும் போல ஓடியாடட்டும். படபடப்பு வந்தா இந்த பட்டனை அமுக்கி உக்கார வைங்க. வந்து பதிவானாத்தான் என்ன கோளாறுன்னு தெரியும்" என்று அவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"காலையிலேர்ந்து அசைய விடலையே!" ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த கணவன் பெருமையாகச் சொன்னான். "பாத்ரூமுக்குக்கூட தூக்கிட்டுத்தான் போனேன். ரிப்போர்ட் சுத்தமா வரும் பாரு."

"சுத்தமா வந்து?"

"ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்துடுவாங்க. பொம்பளப் புள்ளைக்கு நெஞ்சுல கோளாறுன்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்கு எவன் கட்டுவான்? எங்கக்காவும் அதையேதான் சொன்னா."

விரலிடுக்கில் சாறு வழிய அவன் நீட்டிய சுளை, அந்த அசட்டுச் சிரிப்பு, எதையும் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. பரீட்சையில் காப்பியடிக்க வைத்துப் பிள்ளையைப் பாஸாக்கும் அப்பன். பிள்ளை செத்தாலும் மார்க் வந்தால் போதும் இவனுக்கு.

"எழுந்திரு, வாண்டு."

"அப்பா ஓடக்கூடாதுன்னாரு."

"நான் சொல்றேன். வா."

தெருவில் இறக்கிவிட்டாள். மகள் விளக்குக் கம்பம் வரை ஓடித் திரும்பினாள். ஒன்றுமில்லை. மறுபடி ஓடினாள். கூண்டு திறந்ததுபோல் சிரித்தாள். அப்போதும் ஒன்றுமில்லை.

"புள்ளையக் கொல்லப் பாக்குறியாடி?" வாசலிலிருந்து கத்தினான் கணவன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

அவள் திரும்பவில்லை. வந்துடு, வந்துடு என்று உதடு தானாக முணுமுணுத்தது. எதை வேண்டிக்கொள்கிறோம் என்று உறைத்தபோது, கணவன் மீது வந்த அருவருப்பு தன் மேலேயே திரும்பியது.

பாதி வழியில் மகள் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, வந்துடுச்சு."

ஓடிப்போய் பட்டனை அமுக்கி, மடியில் உட்கார வைத்தாள். உள்ளங்கைக்குக் கீழே அந்தச் சின்ன நெஞ்சு தறிகெட்டு அடித்தது.

"அப்பாடா" என்று அவள் வாய்விட்டே சொன்னாள். மகள் அண்ணாந்து அவளைப் பார்த்தாள்.