முன்னும் பின்னும் கண்ணாடி

"படுத்தா கொழுப்பு ஒரு பக்கமா சரிஞ்சிடும். நின்னாத்தான் எது எங்க இருக்குன்னு தெரியும். அசையாதீங்க" என்றார் டாக்டரம்மா.

அக்காள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போடும் கோடுகளை அவளும் பார்க்க வேண்டுமென்று அந்த அறையில் முன்னும் பின்னும் ஆளுயரக் கண்ணாடி வைத்திருந்தார்கள். இடுப்பிலும் முதுகிலும் ஊதா மசி வட்டம் வட்டமாக விழுந்துகொண்டிருந்தது. மூலை நாற்காலியில் தங்கை, இருவர் கைப்பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஊர் வரைபடம் மாதிரி இருக்குக்கா. ஆறு எங்க, மலை எங்கன்னு பேர் எழுதிடலாம்."

"வாயை மூடுடி. நான் சிரிச்சா கோடு கோணிக்கும்."

கல்யாண உடை தைக்கும் கடையில் அக்காளுக்கு வேலை. அங்கே அளவு பார்க்கும் அறையில் மூன்று மடிப்புக் கண்ணாடி உண்டு. மணப்பெண்ணின் காலடியில் உடை விளிம்புக்குக் குண்டூசி குத்திவிட்டு நிமிரும்போதெல்லாம் பக்கக் கண்ணாடியில் தன் முதுகைப் பார்ப்பாள். கொஞ்ச காலமாக அது அவளுடைய முதுகாக இல்லை. இடுப்புக்கு மேலே அந்த இரட்டை மடிப்பு, இடது தோளில் அந்தச் சரிவு. செத்துப்போன அம்மா திரும்பி நின்றுகொண்டிருந்தாள். கூப்பிட்டால் முகத்தைக் காட்டிவிடுவாளோ என்று பயந்து அந்தப் பக்கக் கண்ணாடியின் மேல் ஒரு துணியைப் போட்டு வைப்பாள் அக்காள். முதலாளி வந்து எடுத்துவிடுவார்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "முன்னாடி சொன்னதையே திரும்பச் சொல்றேன். இது எடை குறைக்கிற ஆபரேஷன் இல்ல. தராசு முள்ளு பெருசா அசையாது. கொழுப்பு எடுத்த இடத்துல தோல் தொளதொளன்னு நிக்கலாம், மேடு பள்ளம் வரலாம். வாரக்கணக்கா இறுக்கமான உடுப்புக்குள்ளயே இருக்கணும். அப்புறமும் வாயைக் கட்டலேன்னா, இங்க வராட்டி வேற எங்கயாவது வந்து உக்காரும். கையில, மாருல."

"அப்ப முன்பக்கமா வந்துடுவாளா?"

"யாரு?"

"ஒண்ணுமில்ல டாக்டர்."

நர்ஸ் முழங்கால் வரை ஏறும் இறுக்கமான காலுறைகளைக் கொண்டுவந்தாள். "ரத்தம் உறையாம இருக்க. வீட்டுக்குப் போனா நீங்கதானே மாட்டி விடணும்? வாங்க, இப்பவே பழகிக்கங்க" என்று தங்கையிடம் நீட்டினாள்.

தங்கை எழுந்திருக்கவில்லை. "எனக்கு அதெல்லாம் வராது."

"காலுறை மாட்டவா வராது?"

"அவளுக்கு யார் காலைத் தொட்டாலும் ஆகாது சிஸ்டர்," என்றாள் அக்காள். "பெத்த பிள்ளை கால் வலின்னு அழுதாக்கூடப் புருஷனைத்தான் கூப்பிடுவா. மகாராணி."

தங்கை கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். நர்ஸே குனிந்து மாட்டிவிட்டுப் போனாள்.

"கடைசியாக் கேக்கறேன். சிகரெட், மாத்திரை, நாட்டு மருந்து?" என்றார் டாக்டரம்மா.

"எதுவும் இல்ல. ஹார்மோன் மாத்திரையை நீங்க சொன்னப்பவே விட்டுட்டேன்."

"குடும்பத்துல யாருக்காவது கால்லயோ நுரையீரல்லயோ ரத்தக்கட்டி? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இந்த ஆபரேஷன்ல உயிருக்கு வர்ற ஆபத்துல அது முக்கியமானது."

அக்காள் மூலைப் பக்கம் திரும்பாமல் இருக்கப் பாடுபட்டாள். "நீ போய்த் தண்ணி வாங்கிட்டு வாடி."

"உன்னைத் தண்ணி குடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"அப்ப நீ போய்க் குடி."

"எனக்குத் தாகமில்ல."

டாக்டரம்மா காத்திருந்தார்.

"அம்மாவுக்கு இதயம்," என்றாள் அக்காள். "திடீர்னு."

அது அப்பா சொல்லிக்கொடுத்தது. கருப்பை ஆபரேஷன் முடிந்து அம்மா வீட்டில் கிடந்தபோது இடது கால் வீங்கியது. பள்ளிக்கூடம் விட்டு வந்த தங்கை எண்ணெயைச் சூடாக்கி, அழுத்தி நீவிவிட்டாள். "அப்பாடா, சுகமா இருக்குடி" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. கட்டி காலிலிருந்து நகர்ந்து நுரையீரலை அடைத்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது அப்பாவும் அக்காளும் மட்டும்தான் கேட்டார்கள். "சின்னவ காதுக்கு இது போகக்கூடாது. இதயம்னு சொல்லு" என்றார் அப்பா. சொந்தக்காரர்களுக்கும் அதுவே. அவர் சாகும்வரை அதை மாற்றவில்லை.

இப்போது உண்மையைச் சொன்னால் மூலையில் இருப்பவள் என்ன ஆவாள்? சொல்லாவிட்டால், அம்மா போன வழியிலேயே தானும் போக நேரலாம்.

"அப்ப உள்ள போகலாமா?" என்றார் டாக்டரம்மா.

அக்காள் கண்ணாடியைப் பார்த்தாள். முன்கண்ணாடிக்குள் பின்கண்ணாடி, அதற்குள் ஊதாக் கோடுகளோடு அம்மா நின்றிருந்தாள். கட்டில் கம்பியைப் பிடித்து நிற்பாளே, அதே நிற்பு. மெதுவாக வலது பாதத்தைத் தூக்கி, இடது கெண்டைக்காலைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"அக்கா, காலைத் தேய்க்காத!"

தங்கையின் அலறலில்தான் தேய்ப்பது தன் கால் என்று அக்காளுக்குத் தெரிந்தது. கைப்பைகள் தரையில் கிடந்தன.

"டாக்டர், அவ சொல்றது பொய். எங்கம்மா போனது இதயத்தால இல்ல. கால்ல கட்டி. நான்தான் தேய்ச்சு விட்டேன்."

"யாருடி உனக்குச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? என் கைக்கு அடியிலதானே இருந்துச்சு, கல்லு மாதிரி. அது கரைஞ்சுடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன்க்கா. அப்புறம்தான் அம்மா மூச்சு..." தங்கை நிறுத்திக்கொண்டாள். "இதயம்னு நீயும் அப்பாவும் சொன்னப்ப, உங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சேன். தெரிஞ்சா என்னை வீட்டுல வச்சுக்க மாட்டீங்கன்னு வாயைத் திறக்கல."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "இன்னிக்கு ஆபரேஷன் கிடையாது. ரத்தத்தைப் பரிசோதனை பண்ணணும், அதுக்குன்னு இருக்கற டாக்டரைப் பாக்கணும். ரெண்டு பேருமே. அவர் சரின்னு சொன்னாத்தான் மத்தது." கதவருகே நின்று தங்கையைப் பார்த்தார். "நீங்க தேய்க்காட்டியும் அது நகர்ந்திருக்கலாம்மா."

"இருக்கலாம்," என்றாள் தங்கை.

அவர் போனபிறகு அக்காள் காலுறையைக் கழற்றக் குனிந்தாள். தங்கை வந்து எதிரே மண்டியிட்டாள். கைகள் காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டன.

"கழட்டு. நான் ஒண்ணும் செத்துட மாட்டேன்."

"பேசாத."

விரல் நுனியால் காலுறையை உருட்டி இறக்கினாள். பிறகு உள்ளங்கையை, அழுத்தாமல், கெண்டைக்காலில் வைத்தாள்.

"என்ன தேடற?"

"கல்லு."

"இருக்கா?"

"இல்ல."

ஆனாலும் கையை எடுக்கவில்லை. அக்காள் நிமிர்ந்து முன்கண்ணாடியைப் பார்த்தாள். மண்டியிட்டிருந்த தங்கையின் முதுகு அதில் தெரிந்தது. இறுகிய சட்டைக்குள், இடுப்புக்கு மேலே, இரட்டை மடிப்பு. இடது தோள் சரிந்திருந்தது.

"என்னக்கா பாக்கற?"

"ஒண்ணுமில்ல. நீ அந்தக் காலையும் கழட்டு."