வரிக்கு வரி மைனா

பகலில் அவர் லிஃப்ட் மெக்கானிக். மற்ற நேரமெல்லாம் சில்வண்டின் அப்பா. சில்வண்டு என்பது கணினியில் பாட்டும் கதைப் பதிவும் கேட்பதற்கான செயலி. பைத்தான் என்ற கணினி மொழியில் தனியாளாக எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று இணையத்தில் இலவசமாக வைத்திருந்தார். எடுத்துக்கொள்ள ஆள் இருந்தது. திருத்தத்தான் வெகுநாள் ஒருவரும் வரவில்லை. அது பெரிய மனக்குறை என்று வெளியில் சொல்லிக்கொள்வார். உள்ளுக்குள் பரம திருப்தி.

அப்போதுதான் மைனா வந்து சேர்ந்தாள். அது இணையத்தில் அவளாக வைத்துக்கொண்ட பெயர். எங்கோ பல் டாக்டராம். பல் பிடுங்குகிறவளுக்குப் பாட்டுச் செயலியில் என்ன வேலை என்று மெக்கானிக்குக் கடுப்பு. சில்வண்டை மூடித் திறந்தால் பதிவு முதலிலிருந்தே ஓடும் என்பது பழைய புகார். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று அவர் தட்டிக்கழித்துக்கொண்டே வந்ததை மைனா சில வரிகளில் முடித்து அனுப்பிவிட்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறை தேடினார். கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் சேர்த்துக்கொண்டார்.

அதோடு போயிருந்தால் தேவலை. அவர் மனைவி வீட்டிலேயே திரைச்சீலை தைக்கிறவர். தையல் மிஷின் ஒரு பக்கம் ஓட, சில்வண்டில் கதை ஒரு பக்கம் ஓடும்.

"என்னங்க, இப்பல்லாம் விட்ட எடத்துலேர்ந்தே ஆரம்பிக்குதே! இத்தன வருஷத்துல இப்பதான் உருப்படியா ஒண்ணு பண்ணிருக்கீங்க" என்றார்.

மெக்கானிக் "ம்" என்றார். மைனாவைப் பற்றி மூச்சுவிடவில்லை.

செயலியின் நிரலில் எந்த வரியைக் கடைசியாகத் தொட்டது யார் என்று ஓரத்தில் பெயர் காட்டும் வசதி ஒன்று உண்டு. கோளாறு வந்தால் யாரைக் கேட்பது என்று தெரிவதற்காக வைத்தது. அவரோ வேலைக்குக் கிளம்புமுன் அதைத் திறந்துவைத்துக்கொண்டு மைனா எங்கெங்கே இருக்கிறாள் என்று பார்க்க ஆரம்பித்தார். வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போனாள். நன்றி எழுதுகிறவர்கள்கூட "மைனா அக்கா" என்றுதான் தொடங்கினார்கள். அவருக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. பெற்றது நான், கொஞ்சுவது அவளையா?

ஒரு விடுமுறை நாளில் மனிதருக்கு ஒரு யோசனை உதித்தது. பைத்தானில் வரிக்கு முன்னால் விடும் இடைவெளிக்கு அர்த்தம் உண்டு. எந்த வரி எந்த நிபந்தனைக்குக் கீழ் வருகிறது என்பதை அதுதான் சொல்லும். இடைவெளியைச் சீராக்குகிறேன் பேர்வழி என்று, எல்லா வரிகளையும் கையாலேயே தள்ளித் தள்ளி வைத்தார். ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் தொட்டது அவர் என்பதால் வரிக்கு வரி அவர் பெயர். மைனாவைத் தேடினார். மருந்துக்கும் இல்லை. இடைவெளியைத்தானே மாற்றினோம் என்று ஓட்டிக்கூடப் பார்க்காமல் வெளியிட்டுவிட்டு, நெடுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது மனைவியின் முகம் கடுகடுவென்றிருந்தது.

"காலைலேர்ந்து மூணு தடவ மொத அத்தியாயத்தையே கேட்டாச்சு. நல்லா இருந்தத யாருங்க கெடுத்தது?"

அவசரமாகக் கணினியைத் திறந்தார். புகார் குவிந்து கிடந்தது. நின்ற இடத்தைக் குறித்துவை என்ற வரி ஒரு படி உள்ளே நழுவி, பதிவு கடைசிவரை ஓடி முடிந்தால் என்ற நிபந்தனைக்குக் கீழே போய் உட்கார்ந்திருந்தது. பாதியில் மூடினால் குறிக்காது. எதிரே அவர் பெயர்.

அதற்குள் மைனா எல்லோரும் பார்க்க எழுதியிருந்தாள். "அந்தப் பகுதி நான் எழுதினது. என் தப்பாதான் இருக்கும், மன்னிச்சுக்கோங்க. அண்ணா வந்து சேர்த்துடுவாரு." கூடவே, அந்த ஒரு வரியை மட்டும் வெளியே இழுத்த திருத்தம்.

எது எப்போது நழுவியது என்று திருத்தினவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தே தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறாள். பெருந்தன்மையிலும் முந்திக்கொண்டாளே பாவி என்று அதற்கும் எரிந்தது.

"தப்பு மைனாவோடது இல்ல. என்னோடது" என்று அவர் அடியில் எழுதினார். ஏன் செய்தேன் என்பதை எழுத மட்டும் விரல் வரவில்லை. திருத்தத்தைச் சேர்த்து வெளியிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அடுத்த அறையில் கதை விட்ட இடத்திலிருந்து ஓடியது. "அப்பாடா! கெட்டிக்காரர்தான் நீங்க" என்று குரல் வந்தது.

பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

"நான் இல்ல. போன தடவையும் நான் இல்ல. மைனான்னு ஒரு பொண்ணு."

"அப்ப கெடுத்தது?"

"அது நான்."

மனைவி எழுந்துவந்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்று நம்பியிருந்தார் மெக்கானிக். ஒன்றும் ஆகவில்லை, முன்னைவிட எரிந்தது.

"அந்தப் பொண்ணுக்கு நான் சொன்னேன்னு ரெண்டு வரி எழுதுங்க. இப்பவே. நான் சொல்றேன், நீங்க அடிங்க."

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு மனைவி நிதானமாகச் சொன்னார். வருஷக்கணக்காகத் தனக்கு வரும் என்று மெக்கானிக் காத்திருந்த வார்த்தைகள். ஒன்றையும் விடாமல் அடித்து, மைனாவுக்கு அனுப்பினார்.