இறங்குவதற்குள் கிளம்பிவிடும் விமானம்

சாயங்காலம் ஆறு மணி. சாப்பாட்டு மேசைமேல் பழைய போர்வையை விரித்து, மறுநாளுக்கான வெள்ளைக் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார் தேதிக்காரர். வலது கையில் இஸ்திரிப் பெட்டி, இடது கைப்பக்கம் ஃபோன். அது ஒருமுறை உறுமியது. விமான நிறுவனத்தின் செய்தி. நாலைந்து வரி, கீழே பச்சையில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு பட்டன். கட்டைவிரலால் அதைத் தட்டிவிட்டுக் காலரைத் திருப்பிப் போட்டார்.

படிக்கவில்லை. படிக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவில் பதினான்கு வருஷமாக அவரும் இதே மாதிரிச் செய்திகளை அனுப்புகிறவர்தான். காலையில் இயந்திரத்தை ஓட்டுவது மீசை என்று எல்லாரும் கூப்பிடும் சக ஊழியர், மத்தியானம் இவர். நோயாளிகளுக்குத் தேதி கொடுப்பது மட்டும் முழுக்க இவர் பொறுப்பு. ஆஸ்பத்திரி முழுக்க அவரைத் தேதிக்காரர் என்று கூப்பிடுவது அதனால்தான். இத்தகைய செய்திகளை யாரும் படிப்பதில்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பிக்கொண்டிருந்தார்.

“அப்பா, நம்ம விமானத்தோட படம் காட்டுங்க” என்று ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு போனாள் மகள். ஒன்பது வயது. கடலைத் திரையில் தவிர வேறு எங்கும் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை பார்க்கப் போகிறாள். சுவரில் நாள்காட்டி அருகே நாற்பது கோடு போட்டு, தினம் ஒன்றாக அடித்துக்கொண்டு வந்தாள். நாலு மிச்சமிருந்தன.

படம் பார்க்கப் போன இடத்தில் செய்தியைப் படித்தது மனைவி. அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். ஓட்டுநர்களுக்கு நேரம் என்றால் கண்ணில் பட்டதுமே மனசு கணக்குப் போட்டுவிடும்.

“என்னங்க, இது என்ன கூத்து?”

“எது?”

“மொதல் விமானம் ஏழே காலுக்குக் கெளம்புதுன்னுதானே டிக்கெட்டு? இப்போ பதினொண்ணே காலுக்காம். ரெண்டாவது விமானம் பழையபடி பத்து நாப்பதுக்கே கெளம்புது. அதாவது நாம இங்க ஏறறதுக்கு முன்னாடியே அது அங்க கெளம்பிடும். நடுவானத்துல தொத்திக்கணுமா?”

தேதிக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். செய்தியை இப்போதுதான் படித்தார். இரண்டு முறை.

“நீங்க ஒப்புக்கிட்டீங்கன்னு வேற போட்டிருக்கு.”

“கை பட்டுடுச்சு.”

“கை படல. படிக்கல.”

அவளுக்கு ஆண்டுக்கு இந்தப் பத்து நாள்தான் விடுமுறை. பள்ளி மூடினால்தான் வேன் நிற்கும். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் குடும்பமாக எங்கேயும் போனதில்லை. வெள்ளிக்கிழமையை விட்டால் அடுத்த வருஷம்தான். அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டிய அவசியம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

உதவி எண்ணுக்கு அடித்தார். இருபது நிமிஷம் ஒரே பாட்டு. பிறகு ஓர் ஆண் குரல்.

“சார், ஆறு மணி எட்டு நிமிஷத்துக்கு நீங்க ஒப்புதல் குடுத்திருக்கீங்க.”

“படிக்காம அழுத்திட்டேன் தம்பி.”

“சிஸ்டத்துல சம்மதம்னுதான் காட்டுது சார். வேணும்னா அடுத்த புதன்கிழமைக்கு மாத்தித் தர்றேன்.”

“புதன்கிழமை போயி நான் என்ன பண்றது?”

“அது எங்களுக்குத் தெரியாது சார். மேலிடத்துல பேசணும்னா காலைல பத்து மணிக்கு மேல கூப்பிடுங்க.”

லைன் போய்விட்டது. தேதிக்காரருக்குக் கோபத்தைவிட வேறொன்று உறுத்தியது. அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறார். ‘சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுது.’ எங்கே என்று யோசித்தார், பிடிபடவில்லை. தன் குரலைத் தானே வெளியிலிருந்து கேட்கிற வாய்ப்பு மனுஷனுக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

மறுநாள் பத்தேகாலுக்கு ஸ்கேன் பிரிவுக் கவுண்டரில் உட்கார்ந்து, ஃபோனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். அதே பாட்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் வந்து நின்றாள். மாணவர் விடுதியில் சமையல் வேலை. கையில் எண்ணெய் தெறித்த தழும்புகள். கசங்கிய மருத்துவச் சீட்டைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள்.

“ஐயா, எங்க வீட்டுக்காரருக்கு வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு ஸ்கேன் இருந்துச்சு. அத மாத்திட்டீங்களாமே?”

தேதிக்காரர் கணினியைப் பார்க்கவே இல்லை. தான் ஊருக்குப் போகும் பத்து நாளில் மத்தியானத்துக்கு முப்பத்திரண்டு பேர் இருந்தார்கள். அத்தனை பேரையும் போன வாரம் ஒரே சொடுக்கில், தான் திரும்பி வந்த பிறகு வரும் வாரத்துக்குத் தள்ளிவிட்டிருந்தார். “செய்தி அனுப்பினோமேம்மா. ரெண்டு நாளைக்குள்ள பதில் வரலேன்னா ஒப்புக்கிட்டதா அர்த்தம். கீழயே எழுதியிருக்கு.”

“நான் எப்போங்க ஒப்புக்கிட்டேன்? முந்நூறு பேருக்கு வடிச்சுக் கொட்டிட்டு இருந்தேன். நேத்துதான் எம் பொண்ணு படிச்சுச் சொன்னா.”

“இப்போ சிஸ்டத்துல அடுத்த தேதிதாம்மா காட்டுது.”

“திங்கள்கிழமை அவருக்கு ஆபரேஷன். ஸ்கேன் பாத்துட்டுத்தான் கத்தி வைக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நீங்க குடுத்திருக்கற தேதி அதுக்கு எட்டு நாள் கழிச்சு. வெட்டித் தெச்சதுக்கப்புறம் உள்ள என்னத்தப் பாக்கப் போறீங்க?”

அந்த நேரம் பார்த்துப் பாட்டு நின்றது. ஃபோனில் ஒரு பெண் குரல். தேதிக்காரர் சமையல்கார அம்மாவைப் பார்த்து ஒற்றை விரலைக் காட்டினார். ஒரு நிமிஷம். அவள் நின்றாள், நிற்பது அவளுக்குப் புதிதில்லை.

அவர் கொட்டித் தீர்த்தார். மகள் போட்ட கோடு, மனைவியின் வேன், படிக்காமல் அழுத்திய பட்டன், எல்லாவற்றையும். கடைசியில் குரல் இறங்கிவிட்டது. “நான் சம்மதம் குடுத்திட்டேன், ஒத்துக்கறேம்மா. தப்பு என்னோடதுதான்.”

“இல்ல சார்” என்றது அந்தக் குரல். “பட்டன அழுத்துனா அது சம்மதம் ஆயிடாது. உங்களால முடியுமான்னு யாரும் கேக்கவே இல்லையே. ரெண்டாவது விமானம் எத்தன மணிக்குன்னு பாக்காம மொதல் விமானத்த மாத்துனது நாங்க. சொல்லுங்க, உங்களுக்கு எது முடியவே முடியாது?”

பதினான்கு வருஷத்தில் அவர் யாரையும் கேட்டிராத கேள்வி அது.

“வெள்ளிக்கிழமைய விட்டா முடியாது.”

“அப்போ வெள்ளிக்கிழமையே போலாம். வேற வழியா ஒண்ணு இருக்கு, ஆனா விடிகாலை அஞ்சே முக்காலுக்கு. கொழந்த இருக்குன்னீங்க. முடியுமா? வீட்டுல கேட்டுட்டுச் சொல்றீங்களா? நான் லைன்லயே இருக்கேன்.”

“கேக்கவே வேண்டாம்மா. என் வீட்டுக்காரி நாலு மணிக்கே வண்டிக்குக் காத்து அடிக்கறவ.”

“கேட்டுடுங்க சார். கேக்கறதுல ஒண்ணும் கொறஞ்சிடாது.”

கவுண்டர் ஃபோனில் மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டார். மறுபக்கத்திலிருந்து வந்த சிரிப்புச் சத்தமே போதுமான பதிலாக இருந்தது. ஐந்து நிமிஷத்தில் புது டிக்கெட் வந்துவிட்டது. இந்த முறை ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தார். ஃபோனை மேசைமேல் வைத்து, வெற்றி பெற்ற ஆளைப்போல் நிமிர்ந்தார்.

சமையல்கார அம்மா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருந்தாள்.

“உங்க விமானத்துக்கு ஒரு நல்லவங்க கெடச்சுட்டாங்க” என்றாள். “எங்க ஸ்கேனுக்கு எந்த நம்பருக்கு அடிக்கணும்? சொன்னீங்கன்னா அடிச்சுக்கறேன்.”

அதில் கிண்டல் இருந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. இல்லை என்று தோன்றியபோது இன்னும் மோசமாக இருந்தது. நேற்றுச் சாயங்காலம் ஃபோனில் கேட்ட குரல் யாருடையது என்று இப்போது பிடிபட்டது.

எழுந்து உள்ளே போனார். மீசை ஓர் ஆளை இயந்திரத்துக்குள் அனுப்பிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டேய், வெள்ளிக்கிழமை மத்தியானம் உன்னால இருக்க முடியுமா?”

“முடியுமே.”

“அப்போ போன வாரம் ஏண்டா சொல்லல?”

“நீங்க எப்போ அண்ணே கேட்டீங்க? மத்தியானம் மூடறோம்னு காகிதத்த ஒட்டிட்டுப் போயிட்டீங்க. வெள்ளி, செவ்வாய், வியாழன் மூணு நாளும் நான் பாத்துக்கறேன். ஆனா அடுத்த மாசம் என் மச்சான் வீடு மாத்தறான். அந்த சனிக்கிழமை காலைல நீங்க நிக்கணும்.”

“நிக்கறேன்.”

“ஸ்கேன் ரூமுக்குள்ள இல்ல. கட்டிலத் தூக்க.”

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அந்த அம்மாவின் கணவர் பெயரைத் திரும்பவும் ஏற்றினார். அவள் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நன்றியெல்லாம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அவளுடையதைத்தானே அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

மீதி முப்பத்தொரு பேருக்கும் அன்றும் மறுநாளும் தானே ஃபோன் போட்டார். பெரும்பாலானவர்கள் “எந்தத் தேதின்னாலும் சரிங்க” என்றார்கள். அது அவருக்கு ஆச்சரியம். தள்ளிப்போட்டால் சண்டைக்கு வருவார்கள் என்று பயந்துதான் இத்தனை வருஷம் கேட்காமலே இருந்தார். ஒன்பது பேருக்கு மாற்றிய தேதி ஒத்துவரவில்லை. அவர்களை மீசையின் மூன்று நாளில் நுழைத்தார். மூன்று பேர் எடுக்கவில்லை. வியாழக்கிழமை திரும்பக் கூப்பிட்டு, பிடித்தும்விட்டார். ஒரு பெயிண்டர் மட்டும் நாலு நிமிஷம் விடாமல் திட்டினார். திட்டி முடித்து, “சரி, மாத்திக்குங்க. கேட்டதுக்காக ஒத்துக்கறேன்” என்றார்.

கடைசியாக, ஆஸ்பத்திரிச் செய்தியின் அடியில் இருந்த அந்த வரியை அழித்தார். பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம் என்ற வரியை. அந்த இடத்தில், ‘இந்தத் தேதி உங்களுக்கு முடியுமா? பதில் வராவிட்டால் நாங்களே கூப்பிடுகிறோம்’ என்று அடித்தார். வேலை கூடும். கூடட்டும். உட்கார்ந்துதானே செய்கிறோம்.

வெள்ளிக்கிழமை விடிகாலை. விமானத்தில் மூன்று இருக்கை, ஜன்னல் ஒன்று. மகள் கோடுகள் தீர்ந்துபோன சந்தோஷத்தில் துள்ளிக்கொண்டு உள்ளே நுழையப் போனாள். தேதிக்காரர் வழக்கம்போல் அவளுக்கு வழிவிட்டார். விட்டவர், சட்டென்று நின்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“உனக்கு ஜன்னல் வேணுமா?”

கைப்பையை மேலே வைத்துக்கொண்டிருந்த மனைவி திரும்பினாள்.

“வேணும்” என்றாள். “பதினோரு வருஷமா முன்கண்ணாடி வழியாத்தான் உலகத்தப் பாக்கறேன். எதிர்ல வர்றவன் மோதிடுவானோன்னு பயப்படாம ஒரு தடவ வெளிய பாக்கணும்.”

“இத்தன நாள் இதெல்லாம் வேணும்னு நீ சொன்னதே இல்லையே?”

“நீங்க கேட்டதே இல்லையே.”

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்போ என்னையும் கேளுங்க.”

“சரி, கேக்கறேன். போகும்போது அம்மா, வரும்போது நீ. முடியுமா?”

அவள் நன்றாக யோசித்தாள். நியாயமான பேரம்தான். “முடியும்” என்றாள்.

தேதிக்காரர் ஓரத்து இருக்கையில் கால் நீட்ட இடமில்லாமல் உட்கார்ந்து, பட்டையை மாட்டிக்கொண்டார்.

“மாத்தறதுல தப்பே இல்ல” என்றார், யாரிடம் என்றில்லாமல். “விமானமும் மாறும், ஸ்கேனும் மாறும். கேக்காம மாத்தறதுதான் தப்பு. பேசாம இருக்கறவங்க பேர்ல நாமளே சம்மதம்னு எழுதிக்கறோம் பாரு, அது அவங்க கையெழுத்த நாம போடற மாதிரி. கள்ளக் கையெழுத்து.”

“சரிங்க பெரிய மனுஷா” என்றாள் மனைவி ஜன்னலைவிட்டுத் திரும்பாமல். “இப்போ கொஞ்சம் பேசாம வர முடியுமா?”

கேட்டுவிட்டாள். அவர் ஒப்புக்கொண்டார்.