நியூட்ரலில் இறங்கிய டிராக்டர்

செல்லியம்மாளுக்கு விடியற்காலையில் தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி, பள்ளி மணி அடிக்கும்போது வலப்பக்க அடிவயிற்றில் வந்து நின்றது. தொட்டாலே அலறினாள்.

"குடல்வால்" என்றார் மலையில் இருந்த ஒரே கம்பவுண்டர். "வெடிச்சிட்டா அவ்ளோதான். கள்ளக்குறிச்சிக்கு எடுத்துக்கினு போங்க."

போக பஸ் இல்லை. எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டுக் கீழே சாலை மறியல் நடந்த வாரம். மரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்திருக்கிறார்கள், போலீஸ் சுடுகிறது என்று ரேடியோ கேட்டவர்கள் சொன்னார்கள்.

நான் அந்த நடுநிலைப் பள்ளிக்கு அறிவியல் டீச்சராக வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வகுப்புக்கு வெளியே யாரிடமும் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. செல்லியம்மாள் ஏழாம் வகுப்பு. அவள் அப்பா முனியன் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று, "டீச்சரு, ஆஸ்பத்திரில எனக்குப் பேசத் தெரியாது. நீங்க கூட வாங்க" என்றார். எனக்கும் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கிளம்பினேன்.

கிடைத்தது பாவாடை என்பவரின் டிராக்டர். கச்சிராயபாளையத்துக்காரர். மரவள்ளிக் கிழங்கு ஏற்ற வந்து மறியலில் மாட்டிக்கொண்டவர். இனியும் வைத்திருந்தால் கிழங்கு அழுகிவிடும் என்று இறங்கப் போகிறார். டிரெய்லர் விளிம்புக்கு மேலும் இரண்டு வரிசை மூட்டை. அதன் உச்சியில் சாக்கு விரித்துச் செல்லியைப் படுக்கவைத்தோம். ஒரு பக்கம் முனியன், ஒரு பக்கம் நான்.

மலை இறக்கம் தொடங்கும் இடத்தில் பாவாடை கியரைத் தட்டி நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். இன்ஜின் சத்தம் சட்டென்று அடங்கியது.

"கியர்ல போனா நல்லதுங்க" என்றேன். எனக்கே கேட்காத குரல்.

"இன்னா டீச்சரம்மா?"

"இறக்கத்துல... கியர் இருந்தா இன்ஜின் இழுத்துப் பிடிக்கும்."

அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "டீசலுக்கு எங்க போறது? பங்க்கு எல்லாம் மூடிக்கினு இருக்கு. இந்த மலைல எல்லா வண்டியும் இப்பிடித்தான் எறங்குது. பயப்படாம குந்துங்க."

உண்மைதான், எல்லோரும் அப்படித்தான் இறங்கினார்கள். ஆனால் இவ்வளவு பாரத்தோடு அல்ல. டிரெய்லருக்கு பிரேக் கிடையாது. டிராக்டரின் பின்சக்கரங்கள் மட்டும்தான் எல்லாவற்றையும் பிடிக்க வேண்டும்.

முதல் வளைவில் பிடித்தன. இரண்டாவதிலும் பிடித்தன. அப்புறம் ஒரு வாசனை வந்தது. கருகிய ரப்பர் மாதிரி. பின்சக்கரத்தருகே புகை எழுந்தது.

டிரெய்லர் டிராக்டரை முதுகில் குத்தித் தள்ளுவதை மூட்டையின் மேல் உட்கார்ந்தே உணர்ந்தேன். பாவாடை கியர் கம்பியை இழுத்துப் பார்த்தார். கரகரவென்று பல் தேயும் சத்தம். கியர் விழவில்லை. அந்த வேகத்தில் இனி விழாது.

"முனியா, கெட்டியாப் புடிச்சிக்க!" என்று கத்தினார். சீட்டை விட்டு எழுந்து, பிரேக்கின் மேல் ஏறி நின்றார்.

காற்று முகத்தில் அறைந்தது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. போன வாரம் கரும்பலகையில் நான்தான் எழுதினேன். செல்லி என் புடவையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வலியில் அவள் கண் திறக்கவே இல்லை.

வளைவு திரும்பியதும் கீழே சமவெளி தெரிந்தது. ரோடு நேராக இறங்கி, மலையடியில் ஒரு புளியமரத்தில் முடிந்தது. குறுக்கே சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் எறும்புகள் போல ஆட்கள்.

அப்போது எனக்கு ஞாபகம் வந்தது சூத்திரம் அல்ல, மணல் டப்பா. வகுப்பில் பலகையைச் சாய்த்து, மணல் நிரப்பிய டப்பாவை உருட்டி, கீழே வைத்த செங்கல்லை எவ்வளவு தள்ளுகிறது என்று பார்த்தோம். "பாதி மணலக் கொட்டிட்டு உருட்டலாம் டீச்சர்" என்று சொன்னவள் செல்லிதான். அப்படி உருட்டியபோது செங்கல் கொஞ்சம்தான் நகர்ந்தது.

நான் மல்லாந்து, முதுகை ஒரு மூட்டையில் அழுத்தி, இரண்டு காலாலும் அடுத்த மூட்டையை உதைத்தேன். அது விளிம்பைத் தாண்டிப் பள்ளத்தில் போய் விழுந்தது.

"டீச்சரு! இன்னா பண்றீங்க?"

"தள்ளுங்க!" அது என் குரல்தானா என்று தெரியவில்லை. "பாரம் கம்மியானா பிரேக் பிடிக்கும். தள்ளுங்க!"

முனியன் மறுபடி கேட்கவில்லை. ஒரு கையால் மகளைப் பிடித்துக்கொண்டு உதைத்தார். மூட்டைகள் வெடித்துக் கிழங்குகள் ரோட்டில் சிதறின.

"ஐயோ, கெழங்கு மொதலாளி கொன்னுடுவாரே!" என்று பாவாடை அழுதார். ஆனால் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

மரம் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஆட்கள் ஓடினார்கள். நாங்கள் இருந்த மூட்டைகள் தவிர மேல்வரிசைகள் போய்விட்டன. விளிம்புக்குள் இருந்த மூட்டைகளைத் தூக்க முடியவில்லை. செல்லியின் மேல் கவிழ்ந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

பிரேக் பிடித்து வண்டி நின்றபோது புளிய இலைகள் டிராக்டரின் மூக்கை உரசிக்கொண்டிருந்தன.

கோடாலியோடு ஆட்கள் சூழ்ந்தார்கள். பயம் இன்னொரு பயமாக மாறியது. ஒரு மீசைக்காரர் பாவாடையின் சட்டையைப் பிடித்தார். "நாங்க மரத்தச் சாய்ச்சா, நீ முட்டி நவுத்தலாம்னு வந்தியா?"

பாவாடை மூட்டைகளின் உச்சியைக் காட்டினார்.

மீசைக்காரர் எட்டிப் பார்த்தார். சட்டையை விட்டார். "டேய் கண்ணாயிரம், கொழந்தடா! அந்தப் பக்கம் ரெண்டு வண்டிய எடு."

செல்லியைக் கைமாற்றிக் கைமாற்றி மரத்துக்கு அப்பால் கொண்டுபோனார்கள். ஒரு பைக்கில் அவளை நடுவில் வைத்து முனியன் பிடித்துக்கொண்டார். இன்னொன்றில், பெயர் தெரியாத ஒருவரின் பின்னால், வாழ்க்கையில் முதல்முறையாக நான் உட்கார்ந்தேன். கள்ளக்குறிச்சிவரை குறுக்கே கிடந்த ஒவ்வொரு மரத்தருகிலும் அவர்களே பேசி வழி வாங்கினார்கள்.

ஆபரேஷன் அன்று மதியமே நடந்தது. வெடிக்கவில்லை என்றார் டாக்டர்.

மறுநாள் செல்லி கண் விழித்து, தண்ணீர் கேட்டு, தரமாட்டார்கள் என்று தெரிந்ததும் என்னைப் பார்த்தாள்.

"வண்டி எப்பிடி டீச்சர் நின்னுச்சு?"

"மணலக் கொட்டிட்டோம்" என்றேன்.

அவள் சிரிக்கப் பார்த்து, தையல் இழுத்ததில் முகம் சுளித்தாள். நான் ஸ்டூலில் அசையாமல்தான் உட்கார்ந்திருந்தேன். கீழே குனிந்தபோதுதான் தெரிந்தது: என் வலது கால் பிரேக்கை மிதிப்பதுபோல் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. எடுக்க நினைத்தேன். வரவில்லை.